பாதி நகர்ந்த பொட்டு

புது ஆறு என்று ஊர் சொல்லும் பாசனக் கால்வாய் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சம்பா நடவு நேரம். ஒரத்தநாடு வரைக்கும் வயல்கள் சேறடித்துத் தண்ணீருக்குக் காத்திருக்க, ஒரே ஒரு ஆளைத் தேடுவதற்காக ஆற்றை நிறுத்தவா முடியும்? ஓட்டம் குறையாத தண்ணீரில் தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு மேலும் கீழும் அலைந்தது. கரையில் நின்ற கூட்டம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணாம் நாள் மிதந்துடும்" என்றார் டீக்கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

இன்றைக்குத்தான் மூன்றாம் நாள். காலையிலிருந்து இதைச் சொல்லாத வாய் இந்தக் கரையில் இல்லை. சலாஹுதீனுக்கு டீ இறங்கவில்லை. முத்துப்பேட்டைக்காரன், தண்ணீரோடு பிறந்து வளர்ந்தவன். தண்ணீர் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். வாய் மட்டும் இல்லையென்றால் இவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பது அவன் வீட்டாரின் தீர்ப்பு. பயம் வந்தால் அந்த வாய் இன்னும் கொஞ்சம் நீளும்.

"மேடம், வண்டியை சைடு லாக் போட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில மாட்டிட்டு யாராவது சாகப் போவாங்களா? முடிஞ்சதும் திரும்பி வந்து எடுத்துக்கவா?"

"பழக்கம்" என்றார் ஷைலஜா. "மனசு சாகணும்னு நினைச்சாலும் கை பழக்கத்தைத்தான் செய்யும்."

ஷைலஜா கீழவாசலில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்துபோன டி.வி.யையும் மோட்டாரையும் முகர்ந்து பார்த்து, தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சொல்லும் வேலை. சலாஹுதீன் அவருக்கு உதவியாள், டிரைவர், கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவன்.

புங்கமரத்தடியில் போலீஸ்காரர்கள் தள்ளி நிறுத்தியிருந்த பைக்கை ஷைலஜா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மரத்தடியில் நின்ற அம்சத்திடம் போனார். நடவு வயலிலிருந்து சேதி கேட்டு அப்படியே ஓடிவந்தவர். சேலைக் கரையில் சேறு காய்ந்து, உதிர்ந்து, மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னவர்களையெல்லாம் முறைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், ஆத்துல என் புள்ள இருக்கானா, இல்லையா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இருக்கான்னா அழுதுட்டு வீட்டுக்குப் போறேன். இல்லேன்னா தேடிக்கிறேன். ரெண்டுங்கெட்டானா நிக்க முடியல."

அவர் மகன் பகலவன். கம்ப்யூட்டர், டி.வி. எதுவானாலும் திறந்து மூடத் தெரிந்தவன். மருத்துவக் கல்லூரி சாலையில் ரகுராமன் என்பவர் நடத்தும் வீடியோ கேம் கூடமான கேம் ஹவுஸில் வேலை. ஆயுத பூஜை அன்று காலையில் வேலைக்குப் போனவன் வரவில்லை. மறுநாள் பைக் இங்கே நின்றது. பழைய கேம் பெட்டியின் திரையில் எவ்வளவோ முயன்றும் படம் வரவில்லை, பையன் மனசு உடைந்து பூஜைக்கு முன்னாலேயே போய்விட்டான் என்று ரகுராமன் போலீஸில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஊர் மொத்தமும் ஆற்றைப் பார்க்கிறது.

"வேலை சரியா வரலேன்னா உங்க மகன் என்ன செய்வான்?" என்று கேட்டார் ஷைலஜா.

"சோறு திங்க மாட்டான். அது வர்ற வரைக்கும் யாரோடயும் பேச மாட்டான். அதுக்காகச் சாவமாட்டான் மேடம்."

"கால்ல என்ன போட்டிருந்தான்?"

"கறுப்புச் செருப்பு. வார் அறுந்து போயி பச்சைக் கரண்டு ஒயரால கட்டிக்கிட்டுத் திரிவான். புதுசு வாங்குடான்னா இது ஷாக் அடிக்காதும்மான்னு சிரிப்பான்."

ஷைலஜா கரையைக் கூர்ந்து பார்த்தார். படிக்கட்டு, புல், கோரை. "இந்த ஊர்ல ஆத்துல குதிக்கிறவங்க செருப்பைக் கரையில விட்டுட்டுத்தான் இறங்குவாங்க சலாஹுதீன். இங்க செருப்பைக் காணோம்."

"யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க மேடம். கோயில் வாசல்லயே போகுது."

"பச்சை ஒயர் கட்டின செருப்பையா?"

சலாஹுதீன் காரை எடுத்தான். கண்ணாடியில் அம்சம் சின்னதாகிக்கொண்டே போனார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கேம் ஹவுஸ் வாசலில் வாழைக்கன்று வாடித் தொங்கிற்று. கண்ணாடிக் கதவில் சந்தனம், குங்குமம். வாசல் ஓரம் வேலையாட்களும் வந்துபோகிறவர்களும் கழற்றிப்போட்ட செருப்புக் குவியல்.

"பூஜை போட்ட இடம். செருப்பை வெளியிலயே விட்டுடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ரகுராமன். ஐம்பது வயது இருக்கும். சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நெற்றி நிறைய விபூதி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பேச வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. பார்த்தார், வெட்டினார்.

"எடுங்க சார், முக்கியமா இருக்கப்போகுது" என்றான் சலாஹுதீன்.

"கிரெடிட் கார்டு வேணுமான்னு உயிரை எடுக்கிறாங்க."

"குடுத்துவச்சவர் சார் நீங்க. என்னை அவங்களும் கூப்பிடறதில்ல."

நடுக்கூடத்தில் நின்றது அந்தப் பெட்டி. ஆள் உயர மரப்பெட்டி, முன்னால் கைப்பிடியும் பொத்தான்களும், நடுவில் பின்பக்கம் பெருத்த பழைய படக்குழாய்த் திரை. அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய வகை. சென்னையில் ஒரு விளையாட்டுக்கூடத்தை மூடியபோது வாங்கியதாம்.

"உள்ளே இருந்த போர்டு செத்துடுச்சு, திரை மட்டும் நல்லா இருக்கு. ஒரு கம்ப்யூட்டரை இணைச்சா நூறு கேம் ஆடலாம்னு பையன்தான் ஆசை காட்டினான். விஜயதசமிக்குத் திறப்பு விழான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் படம் வரல. பாருங்க."

பெட்டி ஓரமாகக் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பில் கால்களை நுழைத்துக்கொண்டு, சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். திரை கண் விழித்தது. ஒரே படம் இரண்டாகப் பிளந்து பக்கம் பக்கமாக நின்றது. பிறகு கோடு கோடாகச் சாய்ந்து, மேலிருந்து கீழே உருள ஆரம்பித்தது. காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு கீச்சொலி. பத்து எண்ணுவதற்குள் ரகுராமன் அணைத்துவிட்டார்.

"இதுக்கு மேல விட்டா வெடிச்சிடும். போலீஸ்கிட்டயும் இப்படித்தான் காட்டினேன். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் மனசு விட்டுட்டான்."

"சார், பூஜை போட்ட இடம்னு எங்களைக் கழட்டச் சொன்னீங்களே" என்று அவர் காலைக் காட்டினான் சலாஹுதீன்.

"குதிகால் வலி. டாக்டர் போடச் சொல்லியிருக்கார்."

"இதுவரைக்கும் வெறுங்காலோடதானே நடந்தீங்க. பெட்டிகிட்ட வந்தாதான் வலிக்குமோ?"

ஷைலஜா அவனை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்பதற்கு ஒரு பார்வை உண்டு; நன்றாகக் கேட்டாய் என்பதற்கு இன்னொன்று உண்டு. இது இரண்டாவது.

"பூஜையை நீங்கதான் செஞ்சீங்களா சார்?"

"நான்தான். எல்லா மெஷினுக்கும் என் கையாலயே பொட்டு வெச்சேன். மத்தியானம் முடிஞ்சு, பொரி கடலை குடுத்து எல்லாரையும் அனுப்பிட்டேன். பையன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்."

"அப்புறம் பெட்டியை யாராவது தொட்டாங்களா? திருகைக் கிருகைத் திருப்பினாங்களா?"

ரகுராமனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பூஜை போட்ட சாமானை மறுபூஜைக்கு முன்னாடி தொடுவாங்களா மேடம்? அதுக்கப்புறமும் நான் சுவிட்சைத் தவிர வேற எதையும் தொடல. பையன் போன துக்கத்துல எனக்கு அது பக்கத்துல போகவே பிடிக்கல."

"உங்களைத் தவிர இந்தக் கூடத்துக்குச் சாவி?"

"வேற யார்கிட்டயும் இல்ல."

மறுபடியும் போன். மறுபடியும் வெட்டினார். இந்த முறை போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

ஷைலஜா பெட்டியின் பின்பக்கம் போய், எதையும் தொடாமல் டார்ச் அடித்தார். "சலாஹுதீன், இங்க வா. என்ன தெரியுது?"

திரையின் பின்னால் ஒரு இரும்புப் பட்டை. அதில் வரிசையாக மூன்று திருகுகள். திருகின் மேலே பாதியும் பட்டையின் மேலே பாதியுமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"பொட்டு தெரியுது மேடம். எங்க தெருவுல வருஷா வருஷம் பொரி வாங்கித் தின்ன உரிமையில சொல்றேன், பக்தியோட வெச்சிருக்கார்."

"நடுத் திருகைப் பாரு."

பார்த்தான். முதல் திருகிலும் மூன்றாவதிலும் பொட்டு முழுசாக இருந்தது. நடுத் திருகில் மட்டும் பாதிப் பொட்டு பட்டையில் நின்றது. மறுபாதி திருகோடு சேர்ந்து கால் வட்டம் நகர்ந்து வேறு திசையைப் பார்த்தது.

"திருப்பியிருக்காங்க!"

"எப்போ திருப்பியிருக்காங்க?"

"பொட்டு வெச்சப்புறம்."

"இன்னும் பாரு. ஈரச் சந்தனத்துல திருப்பினா இழுத்துப் பூசிக்கும். இது விளிம்பு வெடிச்சு, துண்டாப் பிரிஞ்சிருக்கு. காய்ஞ்சு ஓடு கட்டினப்புறம் திருப்பினது." ஷைலஜா குரலைத் தாழ்த்தினார். "பூஜை முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு இந்தப் பெட்டிகிட்ட ஒருத்தன் வேலை பார்த்திருக்கான். டெஸ்டர் எடுத்துட்டு வா. அப்படியே நம்ம ரெண்டு பேர் செருப்பையும்."

சலாஹுதீன் வெளியே வந்தான். செருப்புக் குவியலில் தன்னுடையதைக் காலால் துழாவினான். இரண்டு ஜோடிக்கு அடியில் ஒன்று தட்டுப்பட்டது. கறுப்புச் செருப்பு. இடது காலின் வார் அறுந்து பச்சை ஒயரால் கட்டியிருந்தது.

சலாஹுதீன் அதைக் குனிந்து எடுத்தான். வேலைக்காரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறான். போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. ஒருவன் நடந்து வெளியே வரவில்லையென்றால் எப்படி வந்திருப்பான் என்பதற்கு மேல் யோசிக்க அவன் மனசு மறுத்தது.

அந்தச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரோடு உள்ளே போய் ஷைலஜாவின் காதில் சொன்னான். அவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். வேறு எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், உங்க திரையில ஒரு கோளாறும் இல்ல" என்றார் ரகுராமனிடம், செருப்பை மாட்டிக்கொண்டே. "புதுக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில முப்பத்தோராயிரம் கோடு போடும். இந்தப் பழைய திரைக்கு அதுல பாதிதான் போடத் தெரியும். வேகம் ஒத்துப்போகாததாலதான் ஒரு படம் ரெண்டாத் தெரியுது. கம்ப்யூட்டருக்குள்ளயே வேகத்தைப் பாதியாக் குறைச்சுடலாம். ஆனா அது முழுசா எழுந்து உட்கார்ற வரைக்கும் பழைய வேகத்துலதான் ஓடும்."

"அதான் வரலேன்னு சொல்றேனே."

"வர்றதுக்கு முன்னாடி நீங்க அணைச்சுடறீங்க. ரெண்டையும் ஒரே சுவிட்சுல எழுப்பறீங்க. மாப்பிள்ளை குளிச்சு வேட்டி கட்டறதுக்குள்ள பொண்ணை மணவறையில உட்கார வெச்சா எப்படி? இங்க பாருங்க, திரைக்கு மட்டும் தனியா ஒரு குட்டி சுவிட்ச். பத்தவெச்ச ஈயம் இன்னும் பளபளன்னு இருக்கு. இதை யார் வெச்சது?"

ரகுராமன் வாசலைப் பார்த்தார்.

ஷைலஜா மரக்குச்சி ஒன்றால் குட்டி சுவிட்சை அணைத்தார். பிறகு சுவர் சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டிக்குள் கம்ப்யூட்டரின் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மூவரும் காத்திருந்தார்கள். சலாஹுதீனுக்கு அந்த இருட்டுத் திரையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆறுதான் ஞாபகம் வந்தது.

திடீரென்று ஒலிபெருக்கியில் டிங் டிங்கென்று ஒரு குழந்தைத்தனமான இசை கிளம்பியது. ஷைலஜா குச்சியால் குட்டி சுவிட்சைத் தட்டினார்.

மெல்ல வெளிச்சம் படர்ந்தது. நீல வானம், ஒரு குட்டி விமானம், கீழே பச்சை மலைகள். பிளக்கவில்லை, சாயவில்லை, உருளவில்லை. சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் நின்றது. அத்தனை அழகாக இருந்ததுதான் சலாஹுதீனுக்குத் தாங்கவில்லை. மூன்று நாளாக இந்தப் படம் உள்ளே காத்திருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

"நடுத் திருகை அந்த இடத்துல நிறுத்தினாத்தான் இந்தப் படம் நிற்கும். அதை நிறுத்தினவனுக்குத்தான் இது தெரியும்" என்றார் ஷைலஜா. "பகலவன் தோத்துப்போய் இங்கேர்ந்து போகல. பூஜைக்கு அப்புறமும் இங்கதான் இருந்தான், ஜெயிச்சான். ஜெயிச்சவன் ஏன் சார் ஆத்துல குதிக்கணும்?"

ரகுராமன் நாற்காலியைத் தேடினார்.

ஷைலஜா டெஸ்டரின் நுனியை இரும்புப் பட்டையில் வைத்தார். அதற்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. பொத்தான்களுக்குக் கீழிருந்த தகட்டில் வைத்தார். அங்கேயும் எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். மூன்று முள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மேலேயிருக்கும் பெரிய முள் ஒடிக்கப்பட்டு, வெட்டுவாய் புதுசாக மின்னிற்று.

"இந்த மாதிரித் திரையோட இரும்புச் சட்டத்துல வீட்டுக் கரண்ட் நேரா இருக்கும். நடுவுல ஒரு டிரான்ஸ்பார்மர் வெச்சுத்தான் கம்ப்யூட்டரை இணைக்கணும். வைக்கலேன்னா ஃபியூஸ் போகும். போகட்டும், அது போறது நல்லதுக்கு. ஃபியூஸ் போகக்கூடாதுன்னு யாரோ எர்த் முள்ளை ஒடிச்சிருக்காங்க. அதனால கரண்ட் போக்கிடம் இல்லாம பெட்டி பூரா நிக்குது. தொடறவன் கால் வழியாத்தான் அது கீழே இறங்கும். உங்களுக்குக் குதிகால் வலி இல்ல சார். இது கடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்?"

சலாஹுதீன் பையிலிருந்து செருப்பை எடுத்து ரகுராமனின் காலடியில் வைத்தான். "பகலவன் வண்டி வாசல்ல பெருசா நின்னுச்சு, அதனால அது உங்க கண்ணுல பட்டுச்சு, ஆத்தங்கரைக்குப் போச்சு. இது படல. வேலைக்காரன் செருப்பு பாருங்க, தினமும் கெடக்குற செருப்பு."

ரகுராமன் அந்தப் பச்சை ஒயரையே பார்த்தார். விபூதிக்குக் கீழே முகம் வேர்த்து வழிந்தது.

"டிரான்ஸ்பார்மர் வேணும்னு அவன் சொன்னான் மேடம். ஆயுத பூஜை அன்னிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? முள்ளை ஒடிச்சா ஃபியூஸ் போகாதுன்னு நான்தான் ஒடிச்சேன். எல்லாரும் போனப்புறம் அவனை மட்டும் இருடான்னேன். பூஜை போட்டதைத் தொடக்கூடாது சார்னான். சாமி மன்னிக்கும், நாளைக்குத் திறப்பு விழாடான்னேன்." அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். "படம் வந்துச்சு. சார், வந்துடுச்சு சார்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அந்தப் பட்டையைப் பிடிச்சான்."

வெறுங்காலோடு. பூஜை போட்ட இடமாயிற்றே. ஷாக் அடிக்காத செருப்பு வாசலில் கிடந்தது.

"அப்புறம்?" என்றார் ஷைலஜா.

ரகுராமன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க சார்?" சலாஹுதீனின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கரையில் நின்ற அம்சமும், மூணாம் நாள் மிதந்துடும் என்ற டீக்கடைக்காரரும், கோரைப்புல்லும் ஒன்றாகக் கண்ணில் வந்தன. அந்த அம்மாவிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

மேசை மேலிருந்த போன் மறுபடியும் அடித்தது. ரகுராமனின் கை பாய்ந்தது. ஷைலஜாவின் கை முந்திக்கொண்டது.

"கிரெடிட் கார்டுக்காரங்க இவ்வளவு அக்கறையா கூப்பிட மாட்டாங்க. பேசுங்க. ஸ்பீக்கர்ல."

ஒரு பெண்ணின் குரல் படபடவென்று கொட்டியது. "சந்தானகிருஷ்ணனைக் கொண்டுவந்து சேர்த்த அட்டெண்டருங்களா? கும்பகோணம் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. எத்தனை தடவைங்க கூப்பிடறது? பேஷன்ட் முனகுறாரு, கண்ணு கூட லேசா தொறக்குறாரு. ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு. மூளையில பாதிப்போன்னு டாக்டர் பயப்படுறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தணும், கையெழுத்துப் போட ஆள் வேணும். வர்றீங்களா இல்லையா?"

"வர்றோம்" என்று ஷைலஜாதான் பதில் சொன்னார். போனை வைத்துவிட்டு, "சந்தானகிருஷ்ணன் யாரு?" என்றார்.

"என் அக்கா பையன். அமெரிக்காவுல இருக்கான். இங்க சேர்த்தா தெரிஞ்சிடும்னு பகலவனை கார்ல கும்பகோணத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். அட்மிஷன்ல பேர் கேட்டாங்க, பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன். வீட்டுல இன்வெர்ட்டரைத் தொட்டுட்டான்னு சொன்னேன்." ரகுராமன் அழ ஆரம்பித்தார். "வண்டி வாசல்லயே நின்னா கேப்பாங்களேன்னு அவன் பாக்கெட்லேர்ந்து சாவியை எடுத்து ஆத்தங்கரையில கொண்டுபோய் நிறுத்தினேன். நினைவு வந்ததும் எல்லாத்தையும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன் மேடம், சத்தியமா. அதுக்குள்ள யாரோ குதிச்சுட்டான்னு சொல்லிட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லல."

"அந்தம்மா இன்னும் தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க சார்" என்றான் சலாஹுதீன். செருப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஷைலஜா இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தார். ரகுராமனை அவர் ஜீப்பில் அழைத்து வரட்டும்.

ஆற்றங்கரையில் சலாஹுதீன் வண்டியை நிறுத்துவதற்குள் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்சம் மட்டும் திரும்பவில்லை. ஷைலஜா போய் அவர் தோளைத் தொட்டார்.

"ஆத்துல இல்லம்மா."

அம்சம் அப்போதுதான் உட்கார்ந்தார். கால் மடங்கி, மண்ணில், பொத்தென்று. இரண்டு கையாலும் தரையை அறைந்து ஒரு முறை கத்தினார். பிறகு தானே எழுந்து, "எங்க?" என்றார்.

பாபநாசம் தாண்டி, தாராசுரம் வரும் வரைக்கும் இருபக்கமும் வயலில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். சலாஹுதீன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டினான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில். வலது கையில் முழங்கை வரை கட்டு. தலைமாட்டில் சந்தானகிருஷ்ணன் என்று எழுதிய பலகை.

அம்சம் முகத்தைப் பார்த்துவிட்டார். கட்டிலை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

"நீங்களே பாருங்கம்மா" என்று நர்ஸ் குனிந்து கட்டிலைத் தட்டினாள். "சந்தானகிருஷ்ணன்! சந்தானகிருஷ்ணன், இங்க பாருங்க! பாத்தீங்களா, காதுலயே விழாத மாதிரி..."

"யாரும்மா அது?" என்றார் அம்சம்.

"பேஷன்ட் பேருங்க."

"அது எம்புள்ள பேரு இல்ல தாயி. யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவன் எதுக்குத் திரும்பணும்?" அம்சம் நர்ஸை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனார். வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. "பகலவா! டேய் பகலவா!"

இமை துடித்தது. தலை மெதுவாக, கனமாக, குரல் வந்த பக்கம் திரும்பியது. கண் திறந்தது. எதிரே யார் என்று அது இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. காய்ந்த உதடு அசைந்தது.

"தொடாதீங்க சார்... கரண்ட் நிக்குது... தொடாதீங்க."

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ரகுராமன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அம்மாடா" என்று அம்சம் அந்தக் கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். "நான்தான்டா தொடுறேன். ஒண்ணும் ஆவல."

நர்ஸ் பலகையிலிருந்த பேரைத் துடைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் சலாஹுதீன் பையிலிருந்து எதையோ எடுத்துக் கட்டிலுக்கடியில் வைப்பதைப் பார்த்தாள்.

"சார், செருப்பெல்லாம் இங்க உள்ள கொண்டாரக் கூடாது. வெளியில விடுங்க."

"ஒரு தடவை வெளியில விட்டுத்தான் சிஸ்டர் இப்படி ஆச்சு" என்றான் சலாஹுதீன். "இங்கேயே இருக்கட்டும். இவன் எழுந்து நடந்து போறப்போ வேணும்."